ஒரு படிவம், நாலு ஆசை: மாரிக்கு முன் எதைக் கேட்பது?

படிவத்தில் ‘திட்டத்தின் பெயர்’ என்பதற்கு எதிரே ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அனர்த்தத் தணிப்புக்குக் கொஞ்சம் நிதி இருக்கிறது, கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு முன்மொழிவு, எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்து நல்லதை மாவட்டத்துக்கு அனுப்புவார்கள் என்று ஜி.எஸ்., அதாவது எங்கள் கிராம சேவகர், சொன்னார். எங்கள் ஊரில் ஆசை நாலு. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளர். அதனால் அந்த ஒரு வரியை நிரப்பும் பொல்லாப்பு என் தலையில் விழுந்தது.

நாங்கள் இருப்பது அம்பாறை மாவட்டத்தில், நாவிதன்வெளிப் பக்கம். மேற்கே வயல், கிழக்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. கல்முனைக்குப் போவதென்றால் கிட்டங்கித் தாம்போதியை, அதாவது தண்ணீர் மேலால் பாயத் தாழ்த்திக் கட்டிய வீதியை, கடக்க வேண்டும். மாரியில் அது தண்ணீருக்குள் போவது பஞ்சாங்கத்தில் எழுதாத குறைதான். அதற்கு முன்னால், ஊர் வாசலிலேயே எங்களுக்கென்று ஒரு சின்னத் தாம்போதியும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மேற்கு வயல்களின் தண்ணீர் அதன் மேலால் பாய்ந்துதான் வாவிக்குப் போகும்.

கோயில் மண்டபத்தில் கூடியபோது இளைஞர்கள் அந்தத் தாம்போதியை உயர்த்தி வீதியாக்க வேண்டும் என்றார்கள். மாதர் சங்கம் ஒரு பாதுகாப்பு மண்டபம் கேட்டது. கமக்காரர் அமைப்பு வடிச்சல் வாய்க்காலை வெட்டி மதகுகளைப் பெருப்பிக்கச் சொன்னது. நாலாவது என்னுடையது: எச்சரிக்கை ஏற்பாடு, தாம்போதியில் நீர்மட்டக் கம்பம், தடுப்புப் படலை. அதைச் சொன்னதும் சிரித்தார்கள். “கம்பம் நடவா கவுண்மெந்து காசு?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மண்டபத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் படத்தில் வடிவாகத் தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்து, பனங்குற்றியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய இருந்த கதையைச் சொல்ல எங்கள் ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த நினைவு உள்ளவர்களிடம் ‘மண்டபம் வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது. ஆனால் எங்கள் ஊருக்கு வருடா வருடம் வருவது வெள்ளம். வெள்ளத்துக்குப் பாடசாலை இருக்கிறது, மேட்டில் கோயில் இருக்கிறது. புதிய மண்டபத்துக்குக் காட்டக்கூடிய அரச காணி எங்கே என்று பார்த்தால், வாய்க்கால் ஓரத்துப் பள்ளக்காணி. யாரும் வீடு கட்டாததால்தான் அது இன்னும் அரச காணியாகவே கிடக்கிறது! பக்கத்து ஊரில் இப்படி ஒன்று கட்டினார்கள். காசு முடிந்த இடத்தில் வேலையும் முடிந்தது. சுவர் உண்டு, கூரை உண்டு, மலசலகூடம் ஒன்றே ஒன்று. ஒரு மாரியில் சனம் குழந்தை குட்டியோடு போய் நின்றபோது திறப்பு வைத்திருந்தவர் வெளியூரில். “தண்ணி வரக்குள்ள திறப்பு ஆருக்கிட்ட எண்டு தேடித் திரியிறதா மனே?” என்று அந்த ஊர் ஆச்சி ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

தாம்போதி கதை வேறு. அங்கேதான் கூட்டம் சூடானது, எனக்கும் கூடுதலான நித்திரை போனது.

உயர்த்த வேண்டும் என்பவர்களின் பக்கத்தில் ஒரு தங்கச்சி இருந்தார். முந்திய மாரியில் பிள்ளைப்பேற்று வலியோடு, இடுப்பளவு தண்ணீரில், தோணியில் கிடந்து மறுகரைக்குப் போனவர். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணன், உங்களுக்கு வாய்க்கால் பெருசு, எனக்குப் பாதைதான் பெருசு” என்றார். இதற்கு எதிராகக் கணக்குப் பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசத்தான் வேண்டியிருந்தது.

தாம்போதி என்பது தண்ணீர் மேலால் போகட்டும் என்று தாழ்த்திக் கட்டியது. எங்களுடையது ஏறத்தாழ 60 அடி அகலத்துக்குத் தண்ணீருக்கு வழி விடுகிறது. இரண்டடி உயரத்துக்குப் பாய்ந்தால் 120 சதுர அடி வாய். இதை மண் போட்டு உயர்த்தி, அடியில் இரண்டடி விட்டமுள்ள ஹியூம் பைப் இரண்டு வைத்தால் அந்த வாய் எவ்வளவு? ஒரு பைப்புக்கு மூன்று சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, இரண்டுக்கும் ஆறேகால். 120 எங்கே, ஆறேகால் எங்கே! ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை வந்து பைப்பின் வாயில் ஒரு தடவை அடைத்தால் அந்த ஆறேகாலும் இல்லை. அப்போது நாங்கள் கட்டியிருப்பது வீதி அல்ல, குளக்கட்டு. மேல்பக்கத்து ஊரும் அவர்களின் வயலும் அந்தக் குளத்துக்குள் இருக்கும். கட்டு உடைந்தால் வரும் தண்ணீர் எங்கள் தலையில். கொங்கிறீட் வீதி வந்த பிறகுதான் வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது என்ற முறைப்பாட்டை, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும், கேட்காத ஊர் குறைவு.

‘அப்படியென்றால் நல்ல பாலமாகவே கேட்போமே’ என்றால், சரி, அதுதான் உண்மையான தீர்வு. தூண் வைத்து, தண்ணீர் போக இடம் விட்டுக் கட்டும் பாலம். அதற்கு இந்த நிதி காணாது. பெரிய நிதி, பெரிய திணைக்களம், பல வருடம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு மண்முனைப் பாலம் 2014இல் யப்பான் உதவியோடு வரும்வரை எத்தனை தலைமுறை ஓடத்தில் போனது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். இந்தப் படிவத்தில் பாலம் என்று எழுதினால், மேலே இருப்பவர்கள் இரக்கப்பட்டு, ‘இருக்கிற காசுக்குச் செய்யுங்கள்’ என்று பைப் வீதியாக்கித் தருவார்கள். அதுதான் என் பயம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. எது பெரிய திட்டம், எது சின்னத் திட்டம் என்று பார்ப்பதை விட்டேன். நிதியை வெட்டும்போது எது தன் குணம் மாறாமல் நிற்கும் என்று பார்க்கத் தொடங்கினேன். வெட்டு எப்படியும் விழும். கேட்ட தொகை முழுசாக வந்த திட்டம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. பாலத்தை வெட்டினால் அணைக்கட்டு ஆகிறது, அதாவது நேர் எதிரான பொருள். மண்டபத்தை வெட்டினால் மலசலகூடம் இல்லாத களஞ்சியம். வாய்க்காலுக்கான காசை வெட்டினால்? ஐந்து மதகில் மூன்றைப் பெருப்பிக்கலாம், அந்த மூன்றுக்குரிய பலன் கிடைக்கும். ஆனால் கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும். மேலே இருந்து தொடங்கினால் தண்ணீரைக் கெதியாகக் கொண்டுவந்து கீழே கொட்டுவதாக முடியும். எச்சரிக்கையை வெட்டினால் கம்பம் இரண்டுக்குப் பதில் ஒன்று. அதுவும் வேலை செய்யும்.

வாய்க்காலிலும் ஒரு கள்ளம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ‘துப்புரவு’ என்று எழுதினால் அது பராமரிப்பு, தணிப்பு அல்ல. பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வந்து இரண்டு நாள் அள்ளும், சேற்றைக் கரையிலேயே குவிக்கும், முதல் மழைக்கு அது திரும்பவும் உள்ளே. அடுத்த வருடம் அதே படிவம். ஆகவே தோண்டும் வேலையைக் கமக்காரர் அமைப்பின் கணக்கிலும் சிரமதானத்திலும் தள்ளிவிட்டு, படிவத்தில் நிரந்தர வேலையை மட்டும் எழுதுவது நல்லது: பைப் மதகைக் கழற்றிப் பெட்டி மதகு போடுவது. பத்தடி அகலம், ஐந்தடி உயரப் பெட்டி மதகுக்கு 50 சதுர அடி வாய். ஆற்றுவாழையும் சறுக்கிக்கொண்டு போய்விடும், அடைத்தாலும் ஆள் இறங்கி இழுக்கலாம். பைப்புக்குள் ஆர் இறங்குவது?

இன்னொன்று. வாய்க்கால் எவ்வளவு நன்றாக வெட்டினாலும், முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் வாவியில் தண்ணீர் மட்டம் இறங்காது. வாவி இறங்காவிட்டால் எங்கள் வாய்க்கால் எங்கே கொட்டும்? முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் வருடா வருடம் இழுபறி. முந்தி வெட்டினால் மீன் போகும், பிந்தி வெட்டினால் பயிர் போகும். அது மாவட்டச் செயலகத்து மேசையில் தீர்க்கும் விஷயம், எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் முன்மொழிவில் இதைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தேன். வெள்ளம் முழுக்க நின்றுவிடும் என்று யாரும் பின்னர் எங்கள் வாயைப் பிடிக்கக் கூடாது.

சரி, கம்பத்துக்கு வருகிறேன். ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே ஆளை விழுத்தும். ஓரடி சின்னக் காரை நகர்த்தும். இரண்டடி பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். உழவு இயந்திரம் உயரமானது, போய்விடலாம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மெசின் பாரம்தான், பின்னால் இழுக்கும் பெட்டியின் பக்கப் பலகையில் தண்ணீர் தள்ளும் வேகத்தை யாரும் எண்ணுவதில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்குப் பக்கத்தில் மாவடிப்பள்ளியில், மதரசாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப் போனது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீதியில் போகிறவர்கள் இன்றும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

சிவப்பு, மஞ்சள் கோடு போட்ட கம்பமும், குறுக்கே போடும் ஒரு படலையும், அதை மூட அதிகாரமுள்ள இரண்டு பேரும் இருந்தால் ஒரு ஊருக்கு எவ்வளவு செலவு? மண்டபத்து வாசல் படிக்குக்கூடக் காணாது. ஆனால் கம்பத்துக்கு நாடா வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதோடு கருவி இருந்தால் போதாது, காவலும் வேண்டும். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நட்டார்கள், பல பின்னாளில் பழுதாகி நின்றதாகச் செய்தி வந்தது. எங்களிடம் கோபுரம் தேவையில்லை. மேலே குளத்தின் வான்கதவு திறந்தால், வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைக்குத் தெரியும். அவர் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்தால் ஊருக்குச் சில மணி நேரம் கிடைக்கும். இல்லையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

இனி புள்ளி போடும் விஷயம். படிவத்தில் பயனாளி எண்ணிக்கை கேட்கிறார்கள். கல்முனை, அக்கரைப்பற்று போன்ற நகரங்களோடு எங்கள் ஊர் எண்ணிக்கையில் வெல்ல முடியாது. அமெரிக்காவில் 2019இல் வந்த ஓர் ஆய்வு, கூட்டாட்சி அரசு தணிப்பு மானியமாக 1 டொலர் செலவழித்தால் சராசரி 6 டொலர் இழப்பு மிச்சமாகிறது என்று காட்டியது. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே கணக்கு முறையில் ஒரு சிக்கல் உண்டு: விலைகூடிய வீட்டைக் காத்தால் மிச்சம் பெரிசு, ஓட்டுவீட்டைக் காத்தால் மிச்சம் சின்னது. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த இரட்டை வெள்ளத்தில் அறுவடைக்குக் கிட்ட நின்ற நெல் அழுகியது. அடகு வைத்த தாலிக்கொடி மீளாத வீடுகள் அதன் பிறகு இருந்தன. ரூபாயில் சின்ன இழப்பு, வீட்டுக்கு முழு இழப்பு.

ஆகவே தலை எண்ணிக்கையோடு ஏக்கரையும் எழுதினோம், தாம்போதி மூடிய நாட்களையும் எழுதினோம். அந்த நாட்கள் எங்கே பதிவாகியிருந்தன தெரியுமா? பாடசாலை வரவு இடாப்பில். ஆசிரியர் வராத நாள், பிள்ளை வராத நாள், எல்லாம் திகதியோடு. ‘ஒவ்வொரு மாரியும் கஷ்டப்படுகிறோம்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு பக்கப் பிரதி பெறுமதி.

அடுத்த தலையிடி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கேள்வி. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு வருடத்துக்கு ஒருதரம் வந்துவிட்டுப் போவது என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த ஒரு வருடத்திலும் வர நூற்றுக்கு 1 வாய்ப்பு என்பதுதான் பொருள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருப்பவர் அதை ஒருமுறையாவது காண ஏறக்குறைய நூற்றுக்கு 26 வாய்ப்பு. மாதர் சங்கத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப மண்டபமும் வேணும்தானே” என்றார். வேணும்தான், நான் மறுக்கவில்லை. இந்த நிதியில் அல்ல. பாடசாலைக்குப் புதுக்கட்டடம் வரும்போது இரண்டாம் மாடியும் வெளிப்படிக்கட்டும் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் இருக்கிற கட்டடத்துக்குத் திறப்பும் இருக்கும்.

கடைசியில் அந்த ஒரு வரியில் எழுதியது: வடிச்சல் வாய்க்காலின் கீழ்ப்பகுதியில் பெட்டி மதகுகள், தாம்போதியில் நீர்மட்டக் கம்பமும் படலையும். தாம்போதியின் உயரத்தில் கை வைக்கவில்லை. மேல்பக்கத்து ஊர்க் கமக்காரர் அமைப்பிடம் போய், இந்த வேலையால் தங்களுக்குத் தண்ணீர் தேங்காது, சம்மதம் என்று கடிதம் வாங்கினோம். பக்கத்து ஊரின் சம்மதத்தோடு வரும் முன்மொழிவு அபூர்வம் என்று ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) சொன்னார், அதற்குப் புள்ளி உண்டா என்று கேட்டேன், சிரித்தார்.

தங்கச்சியின் பாதை இந்த மாரிக்கும் இல்லை. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் பட்டியலை மருத்துவமாதுவிடம் வாங்கி, மாதம் நெருங்கியவர்களை மழை தொடங்குமுன் மறுகரையில் உறவினர் வீட்டில் விடுவது என்று தீர்மானம் எடுத்தோம். பாலத்துக்கு வேறாக ஒரு மனு, வேறு மேசைக்கு.

முடிவு இன்னும் வரவில்லை. கம்பத்துக்கு மட்டும் காத்திருக்கவில்லை. பழைய கொங்கிறீட் மின்கம்பத் துண்டு ஒன்று கிடந்தது, தம்பிமார் போன ஞாயிறு அதை நட்டார்கள். ஓரடிக்கு மஞ்சள், இரண்டடிக்குச் சிவப்பு. மூன்றாவது அடிக்குப் பெயின்ற் போதவில்லை. மஞ்சளைத் தொடுமுன்பே படலை மூடுவதுதானே, மேலே எதற்குக் கோடு என்று விட்டுவிட்டோம்.