மேங்கோ மார்கரிட்டாவுக்கு நம்ம ஊர் மாங்கூழ் டின்: தோத்தாபுரியா, அல்போன்சாவா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் கப்பல் ஏறிப் போகிற சரக்கு. ஆனால் இங்கேயே வீட்டில் டெக்கிலா என்கிற மெக்சிகோ மதுவை வாங்கி வைத்து மேங்கோ மார்கரிட்டா காக்டெயில் கலக்குகிறவர்கள் அட்டைப்பெட்டி மாம்பழ ஜூஸைத்தான் ஊற்றுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீரும் சர்க்கரையும். ஐஸ் கொஞ்சம் உருகினதும் மாம்பழம் காணாமல் போய்விடும்.

850 கிராம் டின்னில் பரவலாகக் கிடைப்பது இரண்டு ரகம். அல்போன்சா மணக்கும், நிறம் குங்குமப்பூ மாதிரி இருக்கும், இனிப்பும் தூக்கல். தோத்தாபுரி, அதாவது நம்ம கிளிமூக்கு, வாசம் குறைவு, விலையும் குறைவு, லேசான புளிப்பு உண்டு. மில்க் ஷேக்குக்கு அல்போன்சா சரி. டெக்கிலாவுக்குத் தோத்தாபுரிதான். அல்போன்சா போட்டால் டெக்கிலாவின் பச்சிலை வாசமும் மிளகுக் காரமும் அமுங்கிப்போய் பாயசம் குடிப்பது போல ஆகிவிடுகிறது. வாசம் வேண்டும் என்றால் மூன்று பங்கு தோத்தாபுரிக்கு ஒரு பங்கு அல்போன்சா போதும்.

டின்னைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். சர்க்கரை சேர்க்காத தோத்தாபுரி கூழ் 14 பிரிக்ஸுக்குக் (இனிப்புச் செறிவின் அளவு) குறையாமல் இருக்கும், அல்போன்சா 16. சர்க்கரை சேர்த்தது என்றால் கீழே சொல்லும் பாகைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உப்பிய டின், மடிப்பு ஓரத்தில் நசுங்கிய டின் இரண்டையும் தொடவே வேண்டாம்.

ஒரு கிளாஸுக்கு: டெக்கிலா 50 மி.லி., ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு வாசமுள்ள இனிப்பு மது) 15, எலுமிச்சைச் சாறு 20, கூழ் 40. இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொண்டால் அளவு பிசகாது. டெக்கிலா வெள்ளை ரகமாக, '100% அகேவ்' (டெக்கிலா வடிக்கிற, கற்றாழை மாதிரியான செடி) என்று போட்டதாக இருக்கட்டும். அப்படிப் போடாத பாட்டிலில் 49% வரை வேறு சர்க்கரையிலிருந்து வந்த சரக்கு இருக்கலாம். எலுமிச்சைக்குக் கவலையே இல்லை. மெக்சிகோவில் பிழிவதும் நம் நாட்டு எலுமிச்சையின் இனம்தான். தோல் நசுங்கப் பிழிந்தால் மட்டும் கசப்பு இறங்கிவிடும்.

ஆரஞ்சு லிக்கர் கிடைக்காவிட்டால் இரண்டு கமலா ஆரஞ்சின் தோலை, உள்ளே உள்ள வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவி, 100 கிராம் சர்க்கரையில் பிசறி நாலு மணி நேரம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கியிருக்கும். 50 மி.லி. வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால் பாகு தயார். லிக்கருக்குப் பதில் அதில் 15 மி.லி. போதும்.

ஷேக்கர் தேவையில்லை, இறுக்கமாக மூடும் அகலவாய் பாட்டில் போதும். தண்ணியாக உள்ளதை முதலில் ஊற்றி, கூழைக் கடைசியில் விடுங்கள். கூழ் முதலில் போனால் அடியில் ஒட்டிக்கொண்டு, கடைசி மடக்கில்தான் மாம்பழம் தெரியும். பாட்டில் முக்கால்வாசி ஐஸ் போட்டு 15 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். டீ வடிகட்டியில் கூழ் அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் பெரிய கண் உள்ளதாக எடுங்கள். மிக்ஸியில் அடிப்பதென்றால் பெரிய ஐஸ் கட்டியை முதலில் துணியில் கட்டி உடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு போய்விடும். அதிகம் ஜில்லென்று ஆனால் இனிப்பு நாக்குக்கு எட்டாது. அதற்கு மட்டும் பாகு 5 மி.லி. கூட்டலாம்.

கிளாஸ் விளிம்புக்கு என்ன தடவுவது என்று யோசிக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்களே, அதேதான். கல்லுப்பு கொரகொரவென்று பொடித்தது 2 ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 ஸ்பூன், ஆம்சூர், அதாவது காய்ந்த மாங்காய்ப் பொடி, அரை ஸ்பூன். தூள் உப்பு அப்பிக்கொண்டு உவர்க்கும். சாம்பார் பொடியோ வேண்டவே வேண்டாம், மல்லி வாசம் எல்லாவற்றையும் கெடுக்கும். எலுமிச்சைத் துண்டால் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி வட்டம் தடவி ஒற்றி எடுங்கள்.

டின்னில் ஒரே ஒரு குறை, வீட்டுக்கு 850 கிராம் பெரிசு. ஏறக்குறைய 20 கிளாஸுக்கு வரும். திறந்ததும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். குலுக்கும்போது அந்தக் கட்டியையே போட்டால் ஐஸும் பாதி மிச்சம்.