தனுஷ்கோடி மணலில் எம் முறையா, ஏ முறையா?

புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு முதல் குழப்பம் இதுதான். எல்லாவற்றையும் கையாலேயே அமைக்கும் எம் முறையில் பழகுவதா, லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை மட்டும் நாம் வைத்து, ஒளி எவ்வளவு நேரம் விழவேண்டும் என்ற ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடும் ஏ முறையில் பழகுவதா? (சில கேமராக்களில் ஏவி என்று இருக்கும்.)

1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் முன் நண்பகலில் நின்று பாருங்கள். ஏ முறையில் எடுத்தால் வெளிர்மணல் சாம்பல் பூத்துவிடும். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கணக்குப் போடும்; அதற்கு மணலும் ஒன்றுதான், தார் பூசிய வள்ளமும் ஒன்றுதான். மணலுக்காகக் கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை +1 (அதாவது இருமடங்கு) ஏற்றினால், அடுத்த படத்தில் வள்ளம் வந்ததும் அந்தக் கணக்கு தப்பும். எம் முறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, துளை எஃப் 16, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று வைத்துவிட்டால், வெயில் மாறாதவரை மணல், வள்ளம், வலை எதற்கும் சக்கரத்தைத் தொடவேண்டாம். மணல் வெளிறினால் ஷட்டரை 250இல் ஒரு பங்குக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

விடியற்காலையில் கதை வேறு. பாம்பன் கரையில் நிமிடத்துக்கு நிமிடம் ஒளி ஏறும். நான் எம் முறையில் வீம்பாகச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது, வள்ளம் பாலத்தைக் கடந்தே போய்விட்டது. அந்த நேரத்துக்கு ஏ முறைதான்.

ஆனாலும் கற்கிறவருக்கு என் ஓட்டு எம் முறைக்கே. முதல் மாதம் வெயிலில் மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: அந்த மணற்காற்றில் லென்ஸைக் கழற்றாதீர்கள்.