கணவாய் ஃப்ளை கட்டும் பொருள்கள் வாங்குவோர் கவனத்திற்கு

அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்த கோபம் தணியும் முன்பே இதை எழுதுகிறேன். கடல் மீன்பிடிப்புக்கான பொருள்களை விற்கும் சமூக ஊடகப் பக்கம் ஒன்றில், ஊசிக் கணவாயைப் (ஸ்க்விட்) போன்ற ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் செயற்கை இரை, கட்டுவதற்கான முள், இறகு, நூல், பொம்மைக் கண், பிசின் அனைத்தும் அடங்கிய தொகுப்பை முழுப் பணமும் முன்கூட்டியே செலுத்தி வாங்கினேன்.

நான் ஏமாந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பவர் தாம் கட்டிய ஃப்ளை ஒன்றை வீடியோ அழைப்பில் தண்ணீர்த் தொட்டிக்குள் இழுத்துக் காட்டினார். இழுத்தபோது இறகுகள் ஒடுங்கின, நிறுத்தியதும் விரிந்தன. உயிருள்ள கணவாயே தொட்டிக்குள் நீந்துவதாகத் தோன்றியது. கணவாய் விரைந்து பாயும்போது பின்பக்கமாகவே செல்லும் என்பதால், எட்டுக் கைகளுக்கும் இரண்டு நீள உணர்கொம்புகளுக்குமான இறகுகளை முள்ளின் வளைவுப் பக்கம் கட்டி, உடலை முள்ளின் காதை (தூண்டில் நரம்பு கட்டும் துளையை) நோக்கிக் கூம்பாக முடிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தொழில் தெரிந்தவர் என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை, எரிச்சலே அதனால்தான். “துருப்பிடிக்காத எஃகு முள் இல்லாமல் உப்புத் தண்ணீரில் இறங்காதீர்கள்” என்று என்னை எச்சரித்தவரும் அவரே. அந்தப் பேச்சை நம்பித்தான் அரை மாதச் சம்பளத்தை அப்போதே அனுப்பினேன்.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து மூன்று ஃப்ளைகள் கட்டினேன். அவர் தந்த புறஊதா டார்ச்சை எவ்வளவு நேரம் பிடித்தும், புறஊதா ஒளி பட்டால் இறுக வேண்டிய பிசின் இறுகவில்லை. ஒரு கண் முதல் வீச்சிலேயே கடலோடு போயிற்று. ஒரே ஒரு காலை வீசிவிட்டு, நன்னீரில் கழுவி, உலர்த்திப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் திறந்தால், நூல் முடிந்த இடத்திலிருந்து முள்ளின் வளைவு முழுவதும் செம்பழுப்பாக இருந்தது. வெள்ளை இறகுகளின் அடியில் துரு, தேநீர் சிந்தியதைப் போல ஊறியிருந்தது.

முறையிட்டபோது, “கழுவினீர்களா?” என்றார். கழுவினேன் என்றதும், கழுவிய தண்ணீரில்தான் குறை என்றார். படம் கேட்டார், ஆறு படங்கள் அனுப்பியபின் இரண்டு நாள் பேச்சே இல்லை. பிறகு, உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார். பிரிக்காமல் எப்படிக் கட்டுவது என்று கேட்டதற்கு, பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கலை வராது என்று உபதேசித்துவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அரை மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. கட்டத் தொடங்கும் முன் ஒரு முள்ளை அரத்தால் லேசாக உரசி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள். துருப்பிடிக்காத எஃகிலும் ஒட்டும் வகைகள் உண்டு. பிசினில் ஒரு சொட்டை நல்ல வெயிலில் வையுங்கள். இறுகினால் குறை டார்ச்சில், இறுகாவிட்டால் பிசினிலேயே. முழுப் பணத்தையும் முன்னதாக அனுப்பாதீர்கள். என் சொட்டு காலையிலிருந்து வெயிலில் இருக்கிறது. சற்று முன் தொட்டேன், விரலோடு வந்தது.