ஃபிளாட்டை வாடகைக்கு விட ஊருக்குப் போனேன்

வெளிநாட்டில் இருக்கும் எனக்கு, மேற்கு மாம்பலம் ஃபிளாட்டுக்குப் புது ஆள் பார்ப்பதுதான் இந்த லீவில் பெரிய வேலை. புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டுவிட்டு, "பதினோரு மாச அக்ரிமென்ட் போதும் சார், பதிவெல்லாம் வேண்டாம்" என்றார். அந்தக் காலம் போய்விட்டது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.

அதற்கு முன் பழைய குடித்தனக்காரரிடம் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். எது நியாயம் என்பதில்தான் தகராறு. பெயின்ட் அடிக்கும் செலவைப் பிடிக்கச் சொன்னார் புரோக்கர்; ஒழுகும் குழாய்க்கும் வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்றார் குடித்தனக்காரர். சட்டத்தின் பின்னிணைப்பில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் லைன், வயரிங் எல்லாம் உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பாடு. போனில் அதைத் திறந்து காட்டியதும் இருவரும் அடங்கினார்கள். வாஷருக்கும் ஒரு சுவிட்சுக்கும் மட்டும் பிடித்துக்கொண்டேன். பெயின்ட் என் தலையில்!

புது ஆளிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கச் சொன்னார்கள். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைதான் சட்டம் சொல்லும் வரம்பு. அதையே வாங்கினேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் நாம் பதில் போடாமல் இருந்தாலும் வேலை நகரும் என்று அர்த்தம். ஆகவே பத்திரத்தில் உங்கள் யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று இப்போதே பார்த்து வையுங்கள்; பேரம் அதில்தான் நடக்கும்.

கடைசியில் இழுத்தடித்தது வரிதான். உரிமையாளர் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்றால் குடியிருப்பவர்தான் வாடகையில் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். செஸ் சேர்த்து 31.2 சதவீதம். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவர் வாங்க வேண்டிய கணக்கு எண்) வேறு. "இதெல்லாம் நான் எப்படி சார் பண்றது?" என்று புதிதாகக் குடிவர இருந்த பையன் பின்வாங்கினான். ஆடிட்டர் ஃபீஸை நானே தருகிறேன் என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.