ஜஸ்டிஸ் லீக்: 2017-ஆ, ஸ்னைடர் கட்டா?

ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டணிக் கதைக்கு இரண்டு படம் இருப்பதால் எதைப் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு.

நேரம்: 2017 படம் இரண்டு மணி நேரம். 2021-ல் வந்த ஸ்னைடர் கட், அதாவது இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் சொந்த வடிவம், நான்கு மணி நேரத்துக்கும் மேல். நல்லவேளை, ஆறு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு இரவில் பார்த்து முடிக்கலாம்.

கதாபாத்திரங்கள்: வித்தியாசமே இங்கேதான். 2017-ல் பாதி மனிதன், பாதி இயந்திரமான சைபோர்க் வெறும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஆள் மாதிரி ஓரமாக நிற்பார். ஸ்னைடர் கட்டில் படத்தின் உயிரே அவர்தான். விபத்தில் இறக்கும் அம்மா, மன்னிக்க முடியாத அப்பா, கடைசியில் அந்த அப்பாவின் தியாகம் என்று அவர் கதை நின்று பேசுகிறது. மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷுக்கும் அப்படியே: கிளைமாக்ஸில் காலத்தையே பின்னோக்கி ஓட்டும் காட்சி பழைய படத்தில் கிடையாது.

வில்லன்: ஸ்டெப்பன்வுல்ஃப் 2017-ல் சும்மா கத்துவார். ஸ்னைடர் கட்டில் தன் எஜமான் டார்க்ஸைடிடம் பட்ட கடனை அடைக்கத் தவிக்கிறார்.

கிராஃபிக்ஸ்: 2017-ல் சூப்பர்மேன் நடிகரின் மீசையை கம்ப்யூட்டரில் அழித்த அந்த மேலுதட்டை இன்னும் மறக்க முடியவில்லை. ஸ்னைடர் கட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிட்டத்தட்ட சதுரமான 4:3 திரை சிலருக்கு உறுத்தும்.

ஸ்னைடர் கட்டின் பலவீனம் ஸ்லோமோஷன். எபிலாக் கனவுக்காட்சியும் வராத அடுத்த படத்துக்குப் போட்ட அஸ்திவாரம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 2017 போதும். ஜோக்கும் உண்டு, ரத்தமும் குறைவு. கதைக்காகப் பார்ப்பவர்கள் யோசிக்காமல் 2021-க்குப் போங்கள்.