செலிக்மன் ஸ்னோ கேப்: போலிக் கைப்பிடியும் ஒரு கோப்பை மால்ட்டும்

லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்கரைக்குக் காரில் போகும் நம்மவர்கள் பெரும்பாலும், ஐ-40 நெடுஞ்சாலையில் செலிக்மன் என்ற பலகையைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்காமல் கடந்துவிடுவார்கள். அரிசோனாவின் அந்தச் சிற்றூருக்குள் திரும்பி, பழைய 66-ஆம் எண் சாலையோரத்தில் டெல்காடியோ குடும்பத்தார் 1953 முதல் நடத்திவரும் ஸ்னோ கேப் கடையில் ஒரு மால்ட் (மால்ட் பொடி சேர்த்த ஐஸ்கிரீம் பானம்) குடித்துவிட்டுப் போகலாம் என்பது என் பரிந்துரை. கதவைத் திறப்பதற்கே சற்றுப் பொறுமை வேண்டும். அதில் இரண்டு கைப்பிடிகள் உள்ளன, ஒன்று போலி. எவ்வளவு படித்தவரானாலும் முதலில் அதைத்தான் பிடித்து இழுப்பார்.

கடையைக் கட்டிய ஹுவான் டெல்காடியோ சாண்டா ஃபே ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே கழித்துப் போட்ட பலகைகளைச் சேர்த்துத்தான் கட்டடத்தின் பெரும்பகுதியை எழுப்பினார். 1936-ஆம் ஆண்டு செவ்ரோலே கார் ஒன்றின் கூரையை அறுத்தெடுத்துவிட்டு, அதில் ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி வைத்தவரும் அவரே. கைதுடைக்கத் தாள் கேட்டால் ஏற்கெனவே கசங்கிய தாளை நீட்டுவார். மஸ்டர்ட் என்ற மஞ்சள் நிறக் கடுகு சாஸ் குப்பியை வாடிக்கையாளரை நோக்கி அழுத்துவார். அலறிப் பின்வாங்குபவரின் சட்டையில் வந்து விழுவது வெறும் மஞ்சள் நூலாக இருக்கும். 2004-இல் அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் கடையையும் குறும்பையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். 'மன்னிக்கவும், கடை திறந்திருக்கிறது' என்னும் பலகையும், உணவுப் பட்டியலில் உள்ள 'சீஸ் போட்ட சீஸ்பர்கர்', 'செத்த கோழி' ஆகியவையும் அந்த வழிவந்தவையே.

இந்தக் கோமாளித்தனத்துக்குப் பின்னால் வயிற்றுப்பாடு இருந்தது. சிக்காகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீண்ட இந்தச் சாலைக்கு 1926-இல் 66 என்ற எண் கிடைத்தது. ஹுவானின் தந்தை அதை நம்பியே செலிக்மனில் முடிதிருத்தகமும் பில்லியர்ட்ஸ் கூடமும் வைத்திருந்தார். 1930-களில் சாலை பக்கத்துத் தெருவுக்கு மாற்றப்பட, பெருமந்தம் என்ற பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, குடும்பம் மூட்டை கட்டிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பும் நிலை வந்தது. பிள்ளைகள் நடத்திய இசைக்குழுவின் வருமானம்தான் அவர்களை ஊரில் நிறுத்தியது. அதே குடும்பத்துக்கு 1978 செப்டம்பர் 22 அன்று இரண்டாவது அடி விழுந்தது. அன்று ஐ-40 ஊரை ஒதுக்கிக்கொண்டு திறக்கப்பட்டது. போக்குவரத்து ஒரே நாளில் அங்கே போய்விட்டது. 1985-இல் 66 என்ற எண்ணே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஹுவானின் தம்பியும் முடிதிருத்துநருமான ஏஞ்சல் டெல்காடியோ விடவில்லை. 1987 பிப்ரவரியில் ஊராரைக் கூட்டி, பழைய சாலையைக் காக்க அரிசோனாவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே மாநில அரசு செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடைப்பட்ட பகுதியை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. பின்னர் மற்ற மாநிலங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. பெயர்ப்பலகையையும் வரைபடத்தையும் தம்பி மீட்டார் என்றால், வருகிறவர்களைக் காரை விட்டு இறங்கவைக்கும் வேலையை அண்ணன் பார்த்தார் என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருளுக்கு இந்தத் திறமை கிடையாது; மஸ்டர்ட் குப்பிக்கு எதிரே ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. பர்கர், ஹாட் டாக், டாக்கோ, உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம் என்று 1950-களின் சாலையோரக் கடைக்குரிய பட்டியல்தான் இங்கும். கூட வருகிறவர்கள் பர்கரை எடுத்துக்கொள்ளட்டும். என் ஓட்டு மால்ட்டுக்கே. ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்த மால்ட் மணம் உடனே பிடிபடும். சைவர்கள் வறுவலோடும் ஐஸ்கிரீமோடும் சமாளித்துக்கொள்ளலாம். கடைக்குள் இடம் குறுகல். சாப்பிடுவதற்கு வெளி முற்றம் உண்டு. சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றுவிட்டால் வரிசை நீளும், ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி நடக்கும் என்பதால் அது மெதுவாகவே நகரும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற கடை அன்று. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் டிசம்பர் விடுமுறையில் செல்பவர்கள் விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நேரம் இருந்தால், தென்கரையிலிருந்து திரும்பும் வழியில் கடைக்குப் போங்கள். அங்கிருந்து கிங்மனுக்கு ஐ-40 வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பீச் ஸ்பிரிங்ஸ், ஹேக்பெரி வழியாகப் பழைய சாலையில் போனால் 140. கூடுதலான அந்த 30 கிலோமீட்டரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் மேற்கு நோக்கி ஓட்டுவதால் வெயில் முகத்தில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடியை முற்றத்து மேசையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.