மோரிஸ் மைனருக்கு முழு பிரேக் வேலை: சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு 1098 சிசி மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காருக்கு பிரேக்கை முழுதாகப் புதுப்பித்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. தோட்டத்துச் செம்மண் பாதையிலும், லோரிகள் நெருக்கும் ஈப்போ சாலையிலும் ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்தக் காடியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் (சுழலும் டிரம்மின் உட்புறத்தில் சூ என்ற கட்டைகள் அழுந்திப் பிடிக்கும் வகை), எல்லாம் ஒரே எண்ணெய் வழி. எங்கே பெரிதாகக் கசிந்தாலும் மிதி தரைக்குப் போய்விடும். மிஞ்சுவது பின்சக்கரத்தைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டும். அதனால் கசிகிற ஒரு பம்பை மாற்றினால் போதும் என்று எந்த போர்மேன் சொன்னாலும் கேட்காதீர்கள். மாஸ்டர் பம்ப் (மிதித்ததும் எண்ணெயைத் தள்ளுவது), வீல் பம்புகள் (சக்கரத்தில் சூவைத் தள்ளுபவை), ரப்பர் ஹோஸ், குழாய் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினோம். இரும்புக் குழாய்க்குப் பதில் செம்பு நிக்கல் குழாய் போட்டது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இந்த ஊர் ஈரத்துக்கும் இன்றுவரை துரு இல்லை.

வேலையில் உயிரை எடுப்பது மாஸ்டர் பம்பைக் கழற்றுவதுதான். அது ஓட்டுபவரின் காலடியில், காடியின் அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை உருவவிடாமல் டார்ஷன் பார் (முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். கூலி கூடுவது இங்கேதான், அது நியாயமும்கூட.

அப்புறம் எண்ணெய். டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய எண்ணெய்க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவோ 155 தான். கேமரன் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகி மிதி பஞ்சாகிவிடும். நான் தீபாவளிக்கு முன்பே எண்ணெயை மாற்றிவிடுவேன். இறக்கத்தில் சிறிய கியரில்தான் வருவேன்.

முன்சக்கரத்தில் இரண்டு சூவும் முன்னோட்டத்துக்கு ஏற்றபடி அமைந்தவை. முன்னே போகும்போது அருமையான பிடி; மேட்டில் பின்னால் உருளும்போது அவ்வளவு இல்லை. தேங்கிய நீரைத் தாண்டியதும் லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள்.

சூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. இஞ்சினை மாற்றாத காடிக்கு அது தேவையில்லை என்பேன். மிதி சற்றுத் தாழ்ந்தால், டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு சூவை நெருக்கினால் சரியாகிவிடுகிறது.